கண் வழியாக நரம்பைப் பார்ப்பது: சர்க்கரை நோயில் நரம்புச் சேதத்தைக் கண்டறியும் கண் பரிசோதனைகள், படிப்படியாக

சர்க்கரை நோயாளி ஒருவர் கண் ஓ.பி.க்கு வந்தால் நம் கவனம் நேராக விழித்திரைக்குப் போய்விடுகிறது. ரத்தக் கசிவு இருக்கிறதா, வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இல்லையென்றால் "ரெட்டினா நல்லா இருக்கும்மா, அடுத்த வருஷம் வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். அதே கண்ணின் முன்பக்கத்தில், கருவிழியில் (கார்னியா என்னும் கண்ணாடி போன்ற படலத்தில்), உடம்பிலேயே மிக நெருக்கமான உணர்வு நரம்பு வலை இருக்கிறது. பாதத்தில் சூட்டையும் வலியையும் கடத்துகிற அதே மெல்லிய ரகத்து இழைகள்தான் இங்கும் ஓடுகின்றன. சர்க்கரை முதலில் கை வைப்பதும் பெரும்பாலும் இந்த மெல்லிய இழைகளில்தான்.

கண் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஆப்டோமெட்ரிஸ்டுகளையும், சர்க்கரை நோய் மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைகளைத் தொடங்க நினைப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சர்க்கரை நோய் உள்ளவர்கள் படித்தால், தங்களுக்கு என்ன செய்கிறார்கள், ஏன் செய்கிறார்கள் என்று புரிந்துகொள்ளலாம். ஆனால் வீட்டில் யாரும் பஞ்சாலோ நூலாலோ கருவிழியைத் தொட்டுப் பார்க்கக் கூடாது. உணர்வு குறைந்த கருவிழியில் விழும் கீறல் வலிக்காது. வலிக்காத கீறல்தான் புண்ணாகும்.

1. எந்த நரம்பைத் தேடுகிறோம் என்பதில் தெளிவு

நரம்பு கடத்தல் சோதனை, அதாவது காலில் மின்முனை வைத்து எடுப்பது, பருமனான இழைகளை மட்டுமே காட்டும். மெல்லிய இழைகள் பாதி போயிருந்தாலும் அந்த அறிக்கை இயல்பாகவே வரலாம். மெல்லிய இழைகளை நேரடியாகப் பார்க்க, தோலில் 3 மி.மீ. அளவு துண்டு எடுத்து எண்ணுவதுதான் வழக்கமான முறை. சர்க்கரை நோயாளியின் காலில் அப்படி ஒரு காயத்தை உண்டாக்கவும் அதை ஆற்றவும் எல்லோரும் தயங்குவார்கள். கண் பரிசோதனைக்கு மதிப்பு வருவது அங்கேதான்.

கண்ணில் நாம் பார்க்கப்போவது மூன்று வெவ்வேறு நரம்புகளை. கருவிழியில் இருப்பது முக்கிளை நரம்பின் முதல் கிளையிலிருந்து வரும் உணர்வு இழைகள். கண்பாப்பாவைச் சுருக்கி விரிப்பது தன்னியக்க நரம்புகள். விழித்திரையில் இருப்பது பார்வை நரம்பின் இழைகள், அவை மூளையின் நீட்சி. புதியவர்கள் இந்த மூன்றையும் 'கண் நரம்பு' என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். பாதத்தின் நிலைமையோடு நெருங்கிய தொடர்பு கருவிழி நரம்புக்கே. இதயத்துடிப்பு, வயிறு, சிறுநீர்ப்பை சார்ந்த தன்னியக்கக் கோளாறுக்குக் குறிப்புத் தருவது பாப்பா. விழித்திரை தனிக் கதை. விழித்திரை சுத்தமாக இருப்பதால் கால் நரம்பும் சுத்தம் என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

2. முன்கூட்டியே வேண்டியவை

அடிப்படைப் பரிசோதனைக்குப் பெரிய செலவு இல்லை. மங்கலாக்கக்கூடிய ஒரு அறை, பாப்பாவின் அளவுக்கான அரைவட்ட அட்டை, கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லாம்ப், கருவிழியின் தொடுவுணர்வை அளக்கும் கோஷே-பொன்னே உணர்வுமானி, கண்ணீர் அளக்கும் ஷர்மர் தாள், கண்ணுக்குச் சாயமேற்றும் ஃப்ளோரசீன் தாள் இருந்தால் போதும். கூடவே தொடுவுணர்வு பார்க்கும் 10 கிராம் மோனோஃபிலமென்ட் இழையும், அதிர்வுணர்வு பார்க்கும் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையும் (ட்யூனிங் ஃபோர்க்) மேசையில் இருக்கட்டும். அவை காலுக்கு, 11-ஆம் படியில் வரும்.

அடுத்த நிலைக்கு, கருவிழி நரம்புகளை நேரில் படமெடுக்கும் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் வேண்டும். ஹைடல்பர்க் ரெட்டினா டோமோகிராஃபில் ராஸ்டாக் கருவிழி முகப்பை மாட்டிப் பயன்படுத்துவதுதான் இந்த வேலையில் பரவலாக இருப்பது. நம் ஊரில் இது பெரிய கண் மருத்துவமனைகளிலும் ஆராய்ச்சி மையங்களிலும்தான் கிடைக்கும். கருவி இல்லையே என்று அடிப்படைப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

3. வரிசை: இங்கே தப்பினால் எல்லாம் தப்பு

நான் பார்த்த தவறுகளில் பாதி, பரிசோதனையைத் தவறாகச் செய்ததால் வந்ததல்ல. சரியான பரிசோதனையைத் தவறான நேரத்தில் செய்ததால் வந்தது.

நம் ஓ.பி.க்களில் சர்க்கரை நோயாளி என்று சீட்டில் எழுதியிருந்தாலே, டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே பாப்பாவை விரிக்கும் விரிவு சொட்டைப் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். கூட்டத்தைச் சமாளிக்க அது தேவைதான். ஆனால் அந்தச் சொட்டு விழுந்த கணமே பாப்பா பரிசோதனை கைவிட்டுப் போகிறது. ஆகவே முதல் வேலை, வரவேற்பில் இருக்கும் அக்காவிடம் "இந்தப் பேஷன்டுக்குச் சொட்டு போடாதீங்க" என்று சொல்லி, சீட்டிலும் பெரிதாக எழுதி வைப்பது.

அப்புறம் வரிசை இப்படி: தொடாமல் செய்பவை முதலில், தொட்டுச் செய்பவை அடுத்து, மரத்துப்போகும் சொட்டு வேண்டியவை அதற்குப் பின், விரிவு சொட்டு கடைசியில். அதாவது பாப்பா, இமைத்தல், கருவிழி உணர்வு, கண்ணீரும் சாயமும், கன்ஃபோகல், விழித்திரை.

கண் அழுத்தம் எங்கே என்று கேட்பீர்கள். கருவிழி உணர்வுக்குப் பிறகுதான், காற்றடித்துப் பார்க்கும் கருவியாக இருந்தாலும் சரி. பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி ஒருநாள் ஓடிவந்து, "சார், ரெண்டு கண்ணிலும் உணர்வே இல்லை, 20-க்கு வந்தாச்சு" என்றார். நோயாளிக்கு நாற்பது வயதுகூட இல்லை. சீட்டைப் புரட்டினால், பத்து நிமிஷத்துக்கு முன்னால் மரத்துப்போகும் சொட்டு போட்டு அழுத்தம் பார்த்திருக்கிறார்கள். மறுவாரம் வரச்சொல்லிப் பார்த்தபோது இரண்டு கண்ணிலும் 60, அதாவது நல்ல உணர்வு (எண் குறையக் குறைய உணர்வும் குறைவு, 7-ஆம் படியில் வரும்). அந்த ஒரு வாரம் அந்த மனிதர் என்ன பயந்திருப்பார் என்பதை நான் மறக்கவில்லை. அதனால்தான் வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

4. கேட்க வேண்டிய கேள்விகள்

கருவிழி நரம்பு குறைய சர்க்கரை மட்டும் காரணமல்ல. கீழே உள்ளவற்றைக் கேட்காமல் கருவியைத் தொடாதீர்கள்.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறாரா? கண்ணாடியைத் தவிர்க்கச் செய்யும் லேசிக் லேசர் அறுவை செய்திருக்கிறாரா? லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை வெட்டித் திறக்கும்போது நரம்பும் வெட்டுப்படும். அது பழைய அடர்த்திக்குத் திரும்ப வருஷக்கணக்கில் ஆகும். கண்புரை அறுவை, கண்ணில் எப்போதாவது வந்த அக்கி, பல வருஷமாகப் போடும் கிளாக்கோமா சொட்டு, நீண்டநாள் கண் வறட்சி, புற்றுநோய்க்கான கீமோ ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பலரும் விட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: "கண்ணில் லேசர் வெச்சிருக்காங்களா?" விழித்திரை முழுக்க லேசர் வைத்தவர்களுக்கு, கண்ணின் சுவரை ஒட்டி முன்னோக்கி வரும் நரம்புகளும் சூடுபட்டிருக்கலாம். அவர்களுக்குக் கருவிழி உணர்வும் குறையலாம், பாப்பாவும் மந்தமாகலாம். அது சர்க்கரையின் வேலையா, சிகிச்சையின் விளைவா என்று பிரிக்க முடியாது. அவர்களைப் பரிசோதிக்கலாம், ஆனால் முடிவை எழுதும்போது லேசர் வைத்ததையும் சேர்த்தே எழுத வேண்டும்.

மாத்திரைகளும் முக்கியம். கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் கண்ணை வறளவைக்கும், பாப்பாவையும் மாற்றும். வலிக்குக் கொடுக்கும் டிரமடால் பாப்பாவைச் சுருக்கும். ப்ராஸ்டேட்டுக்கான டாம்சுலோசினும் பாப்பா விரிவதைக் குறைக்கும். நிறுத்தச் சொல்வது நம் வேலையல்ல, எழுதிவைத்தால் போதும்.

5. இருட்டில் கண்பாப்பா

சர்க்கரை நோயில் பாப்பாவை விரிக்கும் நரம்பு முதலில் பாதிக்கப்படுவதுதான் வழக்கம். எனவே வெளிச்சத்தில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டில்தான் வேறுபாடு தெரியும்: விரிய வேண்டிய பாப்பா விரியாது.

விளக்கை மங்கலாக்கி 5 நிமிஷம் உட்கார வையுங்கள். தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் கிட்டப்பார்வைக்காகப் பாப்பா தானே சுருங்கிவிடும். மங்கலான டார்ச்சைக் கன்னத்துக்குக் கீழேயிருந்து சாய்த்துப் பிடித்து, அட்டையை வெளிப்பக்கமாக வைத்து அளவெடுங்கள். அகச்சிவப்புக் கதிரில் அளக்கும் பாப்பாமானி இருந்தால் இன்னும் நல்லது. கண் பவரைத் தானாக அளக்கும் பல ஆட்டோரிஃப்ராக்டர்களிலும் பாப்பாவின் விட்டத்தை அளக்கும் வசதி இருக்கிறது. உங்கள் கருவியின் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்.

பிறகு வெளிச்சம் காட்டி, எவ்வளவு சுருங்குகிறது, எடுத்ததும் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று கவனியுங்கள். சுருக்கம் குறைவாகவும், திரும்ப விரிவது சோம்பலாகவும் இருந்தால் தன்னியக்க நரம்பில் கோளாறு இருக்கலாம்.

வயதை மறந்துவிட்டுப் படிப்பது இங்கே வழக்கமான தவறு. இருபது வயதில் இருட்டில் 7 மி.மீ. அளவுக்கு விரிகிற பாப்பா எழுபதில் 5 மி.மீ. பக்கம்தான் விரியும். அதே வயதுடைய, சர்க்கரை இல்லாதவர்களை உங்கள் அறையிலேயே அளந்து, ஒரு முப்பது பேரின் கணக்கையாவது நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் புத்தக எண்ணையும்விட அது உதவும், ஏனென்றால் உங்கள் அறையின் இருட்டு உங்கள் அறைக்கே உரியது.

இந்தப் படியில் கண்ணசைவையும் பார்த்துவிடுங்கள். திடீரென்று இமை இறங்கி, இரட்டையாகத் தெரிந்து, பாப்பா மட்டும் இயல்பாக இருந்தால், மூன்றாம் மண்டை நரம்புக்குச் சர்க்கரையால் ரத்த ஓட்டம் குறைந்த நிலையாக இருக்கலாம். அதையும் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். இமை இறங்கி, பாப்பாவும் விரிந்து அசையாமல் நின்றால் பரிசோதனையை அத்தோடு நிறுத்துங்கள். மூளை ரத்தக்குழாய் வீக்கமாக இருக்கலாம். ஒரு மணிநேரம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

6. இமைப்பை எண்ணுவது

சொல்லாமல் எண்ணுங்கள். சொல்லிவிட்டால் இமைப்பது மாறிவிடும். ஊர், வேலை, சாப்பாடு என்று பேசிக்கொண்டே ஒரு நிமிஷம் எண்ணலாம். நிமிஷத்துக்குப் பதினைந்து என்பது பொதுவான அளவு. மிகக் குறைவாக இருந்தால் கருவிழி உணர்வு குறைந்திருக்குமோ என்ற எண்ணத்தோடு அடுத்த படிக்குப் போகலாம்.

7. கருவிழித் தொடுவுணர்வு

பொறுமை வேண்டிய படி இது. நிதானமாகச் செய்தால் இரண்டு கண்ணுக்கும் பத்து நிமிஷம் ஆகும்.

கோஷே-பொன்னே உணர்வுமானி ஒரு பேனா மாதிரி இருக்கும். அதற்குள்ளிருந்து மெல்லிய நைலான் இழை ஒன்று வெளியே வரும். 60 மி.மீ. வரை நீட்டலாம், 5 மி.மீ. வரை குறைக்கலாம். இழை நீளமாக இருந்தால் தொடுகை மென்மை, குட்டையானால் அழுத்தம். ஆக 60-இல் உணர்ந்தால் நல்ல உணர்வு. எண் குறையக் குறைய உணர்வும் குறைவு. புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு எழுதிவிடுகிறார்கள். அளவின் பக்கத்தில் 'மி.மீ. நீளம்' என்று எப்போதும் சேர்த்து எழுதுங்கள்.

இழையை ஆல்கஹாலில் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். ஈரம் மிச்சமிருந்தால் தொடுகைக்குப் பதில் எரிச்சலைத்தான் நோயாளி உணர்வார். ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் இதைச் செய்ய வேண்டும். காற்றின் ஈரப்பதமும் இழையைப் பாதிக்கும். ஐப்பசி மழையில், கடலோர ஊரில், நைலான் தளர்ந்து அழுத்தம் குறைந்துவிடும். அப்போது நல்ல உணர்வு உள்ளவரும் குறைவாகக் காட்டுவார். முடிந்தால் ஏ.சி. அறையில், எல்லா நோயாளிக்கும் ஒரே அறையில் செய்யுங்கள்.

நோயாளியிடம் முதலில் புறங்கையில் ஒருமுறை தொட்டுக் காட்டுங்கள். "ஐயா, இதே நூல்தான். கண்ணில் பட்டது தெரிஞ்சதும் விரலைத் தூக்குங்க. வலி வரணும்னு இல்லை, பட்ட மாதிரி இருந்தாலே போதும்." ஒவ்வொரு முறையும் "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதைக்காகவே தெரிகிறது என்பார்கள், முக்கியமாக வயதானவர்கள்.

நேரே பார்க்கச் சொல்லி, இழையைக் காதுப் பக்கத்திலிருந்து கொண்டுவாருங்கள். முன்னாலிருந்து கொண்டுவந்தால் இழையைப் பார்த்தே இமைத்துவிடுவார், நீங்கள் அதை உணர்வு என்று எழுதிவிடுவீர்கள். இமைமுடியில் பட்டாலும் இதே கதைதான். கருவிழியின் நடுவில் செங்குத்தாகத் தொட்டு, இழை லேசாக வளைவது கண்ணுக்குத் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். சாய்த்துத் தொட்டால் இழை வழுக்கி உரசும், அது வேறு அழுத்தம்.

60-இல் தொடங்கி, ஒரு நீளத்துக்கு நான்கு முறை தொடுங்கள். இரண்டு முறையாவது விரலைத் தூக்கினால் அதுதான் அளவு. இல்லையென்றால் 5 மி.மீ. குறைத்து மறுபடி. நடுநடுவே, தொடாமலே தொடுவது போல் கையைக் கொண்டுபோய் எடுங்கள். அதற்கும் விரலைத் தூக்குகிறவரின் அளவை நம்ப முடியாது. மறுபடி சொல்லிக்கொடுத்து, கொஞ்சம் ஓய்வு கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். நடுப்பகுதி முடிந்ததும் மேல், கீழ், மூக்குப்பக்கம், காதுப்பக்கம் என்று நான்கு இடமும் பாருங்கள். ஓரங்களில் நடுவைவிட உணர்வு சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

நடுவில் 55 முதல் 60 வரை இயல்பு. வயதானவர்களுக்கு 50 வந்தாலும் பதற வேண்டாம். இரண்டு கண்ணிலும் ஒரே மாதிரி குறைந்து 45, 40 என்று வந்தால்தான் அதைச் சர்க்கரையோடு சேர்த்து யோசிக்கலாம். ஒரு கண்ணில் மட்டும் பெரிய வித்தியாசம் இருந்தால் சர்க்கரையை ஒதுக்கிவிட்டு, அக்கி, பழைய காயம், முக்கிளை நரம்பின் பாதையில் கட்டி ஆகியவற்றைத் தேடச் சொல்லி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இந்தக் கருவிக்கு ஒரு எல்லை உண்டு. 60-ஐவிட மென்மையாகத் தொட அதனால் முடியாது. ஆரம்பநிலைச் சேதம் உள்ள பலர் 60-ஐ உணர்ந்துவிடுவார்கள். எனவே குறைந்திருந்தால் அதை நம்புங்கள். இயல்பாக இருந்தால், சேதம் இல்லை என்று அதற்குப் பொருளல்ல.

உணர்வுமானி இல்லாத இடத்தில், கிருமி நீக்கிய பஞ்சின் நுனியை முறுக்கி நூலாக்கித் தொடலாம். 'உண்டு, குறைவு, இல்லை' என்ற மூன்று விடைதான் கிடைக்கும். கண்ணில் தொற்றோ புண்ணோ இருந்தாலும், அண்மையில் அறுவை நடந்திருந்தாலும் இந்தப் படியே வேண்டாம்.

நெற்கதிரடிக்கும் மெஷின் பக்கத்தில் வேலை பார்த்த ஒருவரை மகள் கூட்டிவந்தார். மூன்று நாளாகக் கண் சிவப்பு. ஸ்லிட் லாம்ப்பில் வைத்தால், கருவிழியில் உமி ஒன்று படகு கவிழ்ந்தது போல ஒட்டியிருக்கிறது, அதைச் சுற்றிப் புகை மாதிரி வெள்ளை. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே கண்ணைப் பொத்திக்கொண்டு ஓடிவந்திருப்பார்கள். அவர், "உறுத்தலே இல்லீங்க, பொண்ணு சொல்லித்தான் வந்தேன்" என்றார். சர்க்கரை பதினைந்து வருஷமாக இருந்தது. உமியை எடுத்துப் புண் ஆறிய பிறகு, நல்ல கண்ணில் அளந்தோம்: 35.

8. கண்ணீரும் சாயமும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஷர்மர் தாளைக் கீழிமையின் வெளி மூன்றில் ஒரு பங்கில் மாட்டி 5 நிமிஷம் வையுங்கள். 10 மி.மீ.க்குக் குறைவாக நனைந்தால் கவனம், 5-க்குக் குறைவென்றால் கடுமையான வறட்சி. அப்புறம் ஃப்ளோரசீன் போட்டு, கண்ணீர்ப்படலம் எத்தனை விநாடியில் உடைகிறது, கருவிழியில் பச்சைப் புள்ளிகள் உண்டா என்று பாருங்கள்.

உணர்வு குறைந்தால் கண்ணீரும் இமைப்பும் குறையும் என்பதால் இது அவசியம். வறட்சி மட்டும் இருந்தாலே கருவிழி நரம்பு குறையலாம் என்பதும் உண்மை. பச்சைப் புள்ளிகள் நிறைய இருந்தும் நோயாளி எந்தத் தொந்தரவும் சொல்லவில்லை என்றால், அதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்.

9. கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப்: நரம்பை நேரில் பார்ப்பது

மரத்துப்போகும் சொட்டு போடுங்கள், ப்ரோபராகெய்ன் 0.5% போதும். ஒரு நிமிஷம் கழித்து இன்னொரு சொட்டு. மைக்ரோஸ்கோப்பின் முனையில் கண் ஜெல் ஒரு துளி வைத்து, கிருமி நீக்கிய புதிய தொப்பியை அதன்மேல் மாட்டுங்கள். ஜெல்லில் காற்றுக்குமிழி இருந்தால் படம் புகைமூட்டமாக வரும், கழற்றி மறுபடி மாட்டுங்கள். அதில் சோம்பல்பட்டால் நோயாளியை நாற்காலியில் இருமடங்கு நேரம் உட்கார வைக்க வேண்டியிருக்கும். தொப்பியின் முகப்பில் பளிச்சென்று ஒளி திரும்பும் இடத்தில் ஆழத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

நோயாளி மற்றக் கண்ணால் விளக்கைப் பார்க்கட்டும். தலை அசைந்தால் படம் கோணும் என்பதால் நெற்றி பட்டையை ஒட்டியிருக்க வேண்டும். பக்கவாட்டுக் கேமராவில் பார்த்து, சிவப்பு ஒளி கருவிழியின் நடுவில் விழும்படி வைத்துக்கொண்டு மெதுவாக முன்னே நகர்த்துங்கள். தொப்பி மெதுவாகப் பட்டாலே போதும், அழுத்தத் தேவையில்லை. அழுத்தினால் படத்தில் கருங்கோடுகள் வரிவரியாக விழும். புதியவர்கள் அதைப் பார்த்து நரம்பு நெளிந்திருக்கிறது என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது ஆழத்தை மெதுவாகத் திருப்புங்கள். முதலில் பெரிய, தட்டையான மேல்செல்கள். அப்புறம் சிறுத்துச் சிறுத்து, தேன்கூடு மாதிரி ஓரம் வெளுத்த அடிச்செல்கள். அதற்கு ஒரு மயிரிழை கீழே, மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 50 மைக்ரான் ஆழத்தில், கறுத்த பின்னணியில் வெள்ளைக் கோடுகள் எழும். அவைதான் நரம்புகள். இன்னும் கீழே போனால் கோடுகள் மங்கி, இருட்டில் நட்சத்திரங்கள் போலச் செல்களின் கருக்கள் மின்னும். நட்சத்திரம் தெரிந்தால் தாண்டிவிட்டீர்கள், மேலே வாருங்கள். இந்தப் போக்குவரத்தைப் பத்துப் பதினைந்து நல்ல கண்களில் பழகிய பிறகே நோயாளிகளிடம் வாருங்கள்.

ஒவ்வொரு படமாகக் காலால் மிதித்து எடுக்கும் முறையே நல்லது. ஒரு கண்ணுக்கு மூன்று முதல் ஐந்து நிமிஷம் போதும். நடுவில் எடுத்துவிட்டு, நடுவிலிருந்து சற்றுக் கீழே மூக்குப் பக்கமாகப் போனால், நரம்புகள் எல்லாம் சுழித்து ஒன்றுகூடும் இடம் வரும், ஆற்றுச் சுழி மாதிரி. இழைகளின் நுனிகள் வந்து முடியும் இடம் என்பதால் ஆரம்பச் சேதம் அங்கே முதலில் தெரியலாம். அதையும் எடுத்துவையுங்கள்.

முடிந்ததும், "அரை மணிநேரம் கண்ணைத் தேய்க்காதீங்க, வண்டியில் போகும்போது கண்ணாடி போட்டுக்குங்க" என்று சொல்லாமல் அனுப்பாதீர்கள். மரத்திருக்கும் கண்ணில் தூசி விழுந்தால் தெரியாது.

10. படங்களைத் தேர்ந்தெடுப்பதும் எண்ணுவதும்

ஒரு கண்ணுக்கு நூறு படம் வந்தாலும், எண்ணப்போவது மூன்று அல்லது நான்கைத்தான். இங்கே மனசு நம்மை ஏமாற்றும். நல்ல நரம்புள்ள படம் 'நல்ல படம்' என்று தோன்றும். அதையே தேர்ந்தெடுத்தால் எல்லோருக்கும் நரம்பு நன்றாக இருப்பதாக வரும். சரியான ஆழம், தெளிவு, ஒன்றோடொன்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மேற்படாமை: இந்த மூன்றை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுப்பவருக்கு நோயாளியின் சர்க்கரை அளவு தெரியாமல் இருப்பது நல்லது.

ஒரு படம் 400-க்கு 400 மைக்ரான், அதாவது 0.16 சதுர மி.மீ. கணக்கு எளிது. ஒரு படத்தில் நான்கு முதன்மை நரம்புகள் இருந்தால், 4-ஐ 0.16-ஆல் வகுக்க, ஒரு சதுர மி.மீ.க்கு 25. நரம்புகளின் மொத்த நீளம் படத்தில் 2 மி.மீ. என்றால், ஒரு சதுர மி.மீ.க்கு 12.5 மி.மீ.

12.5 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். 2018-இல் வெளிவந்த, பல நாடுகளைச் சேர்ந்த சுமார் ஆயிரம் சர்க்கரை நோயாளிகளின் ஆய்வில், தானியங்கி மென்பொருள் அளந்த நரம்பு நீளத்துக்கு முதல் வகைச் சர்க்கரை நோயில் கிடைத்த பிரிகோடு (சேதம் உள்ளவரையும் இல்லாதவரையும் பிரிக்கும் எல்லை) அது. 8.6-க்குக் கீழே போனால் நரம்புச் சேதம் இருக்கும் வாய்ப்பு அதிகம், 15.3-க்கு மேல் இருந்தால் குறைவு. நடுவில் இருப்பவர்களை அந்த எண்ணை வைத்து மட்டும் எந்தப் பக்கமும் தள்ள முடியாது. இரண்டாம் வகையில் இந்த அளவு இன்னும் பலவீனமாகத்தான் பிரித்துக் காட்டியது. நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை என்பதால், எண்ணை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

கையால் வரைந்து அளந்தால் எண் எப்போதும் அதிகமாக வரும். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கையளவு மென்பொருளில் வந்த எண்ணை, அவர்களுடைய தானியங்கி மென்பொருளுக்கான பிரிகோட்டோடு ஒப்பிடக் கூடாது. குட்டையான உடலோடு கிளைவிட்டுப் பளிச்சென்று தெரிபவை நரம்பல்ல, நோயெதிர்ப்புச் செல்கள். அகலமாக, மங்கலாகப் படர்ந்த பட்டைகளும் நரம்பல்ல. அவை இன்னும் ஆழத்தில் இருக்கும் இழைக்கட்டுகள்.

11. விழித்திரையையும் காலையும் பார்ப்பது

எல்லாம் முடிந்த பிறகு விரிவு சொட்டு போட்டு வழக்கமான விழித்திரைப் பரிசோதனையைச் செய்யுங்கள். விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் நரம்பிழை அடுக்கும் அதை ஒட்டிய செல்லடுக்கும், ரத்தக் கசிவு தோன்றும் முன்பே மெலியலாம். ஆனால் கிளாக்கோமாவிலும் அது மெலியும். அதனால் இதைத் துணைக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

சொட்டு வேலை செய்ய இருபது நிமிஷம் ஆகும் அல்லவா, அந்த நேரத்தில் செருப்பையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லுங்கள். கண் பிரிவில் காலைப் பார்ப்பது விசித்திரமாகத் தோன்றலாம். நோயாளிகளும் தயங்குவார்கள். "ஐயோ, காலை நீங்க தொடுறீங்களே" என்பார்கள். தொடத்தான் வேண்டும். மோனோஃபிலமென்ட் வளையும்வரை அழுத்தி அடிப்பாதத்தில் பாருங்கள். இசைக்கவையைத் தட்டிக் கட்டைவிரல் எலும்பில் வையுங்கள். விரலிடுக்குகளை விரித்துப் பாருங்கள்.

உமிக்காரர் செருப்பைக் கழற்றியபோது வலது கட்டைவிரலுக்கு அடியில் உடைந்த கொப்புளம் இருந்தது. செருப்பின் அடியில் ஒரு ஆணி மேலே எழும்பியிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியாது. கண்ணுக்காக வந்தவரின் காலைக் காப்பாற்ற அன்றைக்கு வாய்ப்புக் கிடைத்தது. அன்றிலிருந்து எங்கள் அறையில் ஒரு ஸ்டூல் காலுக்கென்றே இருக்கிறது.

12. அறிக்கை எழுதும் முறை

'சர்க்கரை நரம்பு நோய் உறுதி' என்று எழுதாதீர்கள். கருவிழி நரம்பு குறைந்திருப்பது உண்மை. அதன் காரணம் சர்க்கரைதான் என்று கண்ணால் சொல்ல முடியாது. மெட்ஃபார்மின் பல வருஷமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். தைராய்டு, மது, சிறுநீரகக் கோளாறு, தொழுநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. அவற்றைத் தேடுவது சர்க்கரை மருத்துவரின் வேலை. தேடும்படி கேட்பது நம் வேலை.

நான் எழுதச் சொல்லும் வடிவம் இது: "வலது 45, இடது 45 மி.மீ. நீளம், சொட்டு போடும் முன் அளந்தது. லேசர் இல்லை, லேசிக் இல்லை. இருட்டில் பாப்பா வலது 3.5, இடது 3.5. வலது அடிப்பாதத்தில் மோனோஃபிலமென்ட் உணர்வு இல்லை. மெல்லிய நரம்புச் சேதம் இருக்கலாம். பி12, தைராய்டு, பாதப் பரிசோதனை செய்யக் கேட்டுக்கொள்கிறோம்."

உணர்வு குறைந்த கருவிழி உள்ளவரின் சீட்டின் மேல்பக்கத்தில் தனியாக ஒரு எச்சரிக்கை எழுதுங்கள். கான்டாக்ட் லென்ஸ், கண்புரை அறுவை, நீண்டநாள் சொட்டு மருந்து எதுவாக இருந்தாலும் முடிவெடுப்பவர் அதைப் பார்க்க வேண்டும். நோயாளியிடமும், "கண் சிவந்தா வலி இல்லைன்னு இருந்துடாதீங்க, அன்னிக்கே வாங்க" என்று வீட்டார் முன்னிலையில் சொல்லுங்கள்.

13. அடுத்த முறை

ஓராண்டு கழித்து, அதே கருவி, அதே அறை, முடிந்தால் அதே ஆள். காலையில் அளந்திருந்தால் காலையிலேயே வரச்சொல்லுங்கள். 5 மி.மீ. கூடியதையோ குறைந்ததையோ மாற்றமாக எடுக்காதீர்கள், அது கையின் வேறுபாடு. கன்ஃபோகல் படங்களைப் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடாமல், பழைய படங்களையும் புதியவற்றோடு கலந்து, யாருடையது எது என்று தெரியாமல் ஒருவரையே எண்ணச் சொல்லுங்கள்.

நரம்பு குறைந்துகொண்டே போகும் என்று நோயாளியைப் பயமுறுத்த வேண்டியதில்லை. கணையமும் சிறுநீரகமும் சேர்த்து மாற்றுப் பொருத்தப்பட்டவர்களின் கருவிழியில், ஓராண்டுக்குள் நரம்புகள் மறுபடி வளர்ந்ததைக் கன்ஃபோகலில் பார்த்திருக்கிறார்கள். அத்தகைய சிகிச்சை மிகச் சிலருக்குத்தான் என்றாலும், போன நரம்பு துளிர்க்க முடியும் என்பது தெரிந்த விஷயம். இரண்டாம் முறை வருகிறவருக்குப் பழைய படத்தையும் புதிய படத்தையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அந்த வெள்ளைக் கோடுகளைத் தன் கண்ணால் பார்த்தவர்கள், "இது எல்லாம் என் நரம்பா?" என்று கேட்டுவிட்டு, மாத்திரை நேரத்தைப் பற்றி அவர்களாகவே பேச ஆரம்பிப்பார்கள்.